பூங்காவுக்குள் மான் பெருகினால்: கட்டுப்பாட்டு வேட்டையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

மிளாத்தடம்

சிங்கப்பூரில் மண்டாய் ரோட்டில் மிளா (கடமான்) குறுக்கே வந்தது என்று செய்தி வந்தாலே, "அமெரிக்காவில் எண்ணிக்கையைக் குறைக்கப் பூங்காவுக்குள்ளேயே மானைச் சுடுகிறார்கள், இங்கே ஏன் முடியாது" என்று கேட்க ஒருவர் வந்துவிடுகிறார். அங்கே எப்படிச் சுடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்தக் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். இந்த இழையில் பக்கத்திலிருந்து பார்த்ததை மட்டும், அவரவர் புனைபெயரில் எழுதுங்கள். முதலில் நான் பார்த்தது.

கிழக்கு அமெரிக்காவில் ஒரு நகரப் பூங்கா. குளிர்கால இரவு. பூங்காவை மூடி, வாசல்களில் போலீஸ் நிற்கிறது. சுடுபவர் உயரமான மேடையில் இருக்கிறார். எதிரே 70 மீட்டருக்குள் மக்காச்சோளம் கொட்டிய இடம், அதற்குப் பின்னால் மண்மேடு. தோட்டா தவறினாலும் மானைத் துளைத்துப் போனாலும் அந்த மண்ணில்தான் புதைய வேண்டும். பின்னால் மண் இல்லாத இடத்தில் சோளமே கொட்டமாட்டார்கள். இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தீனி போட்டுப் பழக்கியாகிவிட்டது. 0.223 அங்குலத் துப்பாக்கி, சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர், உடல் வெப்பத்தை வைத்து இருட்டில் காட்டும் தெர்மல் கேமரா. குறி தலைக்கு மட்டும்.

ஐந்து மான் வந்தன. நான்கு தெளிவாக நின்றன, ஒன்று மரத்துக்குப் பின்னால். சுடுபவர் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். ஐந்தும் சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போயின. அந்த இரவில் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. மொத்தக் கூட்டத்தையும் விழவைக்க முடியாவிட்டால் ஒன்றையும் தொடக் கூடாது என்பது விதி. தப்பிய மான் அடுத்த தடவை தீனிப் பக்கம் வராது, மற்றதையும் வரவிடாது. சுடுவதென்றால் முதலில் மூத்த பெட்டை. அது விழுந்ததும் மற்றவை எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சில விநாடி நிற்கும். அந்தச் சில விநாடிக்குத்தான் மூன்று வாரத் தீனியும்.

வாஷிங்டனின் ராக் கிரீக் பூங்காவில் 2013-லிருந்து இந்த முறைதான். இறைச்சி, ஏழைகளுக்குச் சமைத்துப் போடும் இடங்களுக்குப் போகிறது.

மரமேடை

துப்பாக்கியை நினைத்தே பார்க்க முடியாத பூங்காக்களில் வில் வேட்டை. வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிப் பூங்காக்களில் பல வருடமாக நடக்கிறது. வில்லாளி தேர்ச்சி காட்டியவராக இருக்க வேண்டும். தரையில் நின்று அம்பு விடக் கூடாது. மரத்தில் 5, 6 மீட்டர் உயரத்தில் மேடை கட்டி, உடம்பு முழுக்கப் பட்டை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மேலிருந்து கீழே போகும் அம்பு தவறினால் காலடி மண்ணில் குத்தும், நடைபாதைப் பக்கம் பறக்காது. நல்ல வில்லாளி 20 மீட்டரைத் தாண்டி விடமாட்டார். அதற்கு மேல் தூரம் என்றால் நாண் சத்தத்திலேயே மான் பதுங்கிவிடும், அம்பு முதுகுக்கு மேலே போகும்.

மனசை விட்டுப் போகாத ஒன்று: மானைத் துளைத்து வெளியே வந்து மண்ணில் குத்திட்டு நின்ற அம்பு. தண்டில் ரத்தம் கொஞ்சம்தான். இறகில் பச்சையாகப் பிசுபிசுப்பு, முகர்ந்தால் சாணி வாடை. குடலில் பட்டிருக்கிறது.

நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். 30 நிமிடம் பொறுத்துப் போனால் பெரும்பாலும் 100, 150 மீட்டருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், 4 மணி நேரமாவது விட வேண்டும். பச்சை என்றால் 8 முதல் 12 மணி நேரம் கிட்டவே போகக் கூடாது. அவசரப்பட்டால் படுத்த மான் எழுந்து ஓடும், பின்தொடர ரத்தத் தடமும் இருக்காது. பெரிய காட்டில் இப்படிப் பொறுத்திருக்க முடியும். பூங்காவில் வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டுத் தோட்டம். அந்த மான் அங்கே போய்ப் பிள்ளைகள் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. விடிந்தால் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள், வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கவும் முடியாது.

சீசனுக்கு முன்பே சுற்றுவீடுகளில் எழுத்தில் அனுமதி வாங்கி வைப்பதும், மேடையை எல்லையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போடுவதும் இதற்காகத்தான்.

செம்பனை

இரண்டு பேருமே துப்பாக்கி, அம்பு என்று போகிறீர்கள். சிங்கப்பூரில் இரண்டும் நடக்காது. எந்தப் பூங்காவில் நின்றாலும் பின்னால் அடுக்குமாடி புளோக் தெரிகிறது. மண்டாயில் இருப்பது மிருகக்காட்சிசாலையிலிருந்து 1970-களில் தப்பியவற்றின் வழிவந்த சின்னக் கூட்டம். காட்டையே கலைக்கும் அளவுக்கு நம்மிடம் பெருகியது காட்டுப்பன்றி. கடைசிப் புலியை 1930-ல் சுவா சூ காங்கில் சுட்டார்கள். அதற்குப் பிறகு பெரிய பன்றியை அடிக்க இங்கே எதுவும் இல்லை.

வேட்டைக்குப் பதில் இங்கே அடைப்புப் பொறி. வட்டமாகத்தான் கட்ட வேண்டும். மூலை இருந்தால் பன்றிகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேலே இருப்பது தாண்டிவிடும். கனமான கம்பிவலைச் சட்டம், குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரம். முளைகளை ஆழமாக அடிக்காவிட்டால் மூக்கால் நெம்பித் தூக்கிவிடும். கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து நாள்கணக்கில் தீனி போட வேண்டும். முதலில் வெளியே, பிறகு வாசலில், கடைசியில் உள்ளே மட்டும். கேமராவில் கூட்டத்தை எண்ணி, அத்தனையும் உள்ளே வரும் வரைக்கும் கதவைத் தொடக் கூடாது.

ஓர் இடத்தில் கால்பட்டால் விழும் கம்பி வைத்திருந்தார்கள், ஆள் பார்த்து விடும் கதவு இல்லை. பாதி வளர்ந்த குட்டி மூன்று முதலில் ஓடி வந்தன, ஒன்று கம்பியை மிதித்தது, கதவு விழுந்தது. தாய் வெளியே நின்றுவிட்டது. கம்பிவலையைச் சுற்றிச் சுற்றி வந்தது, மூக்கால் இடித்தது, குட்டிகள் உள்ளே அலறின. இது அத்தனையும் கேமராவில் பதிவாகியிருந்தது. அந்தத் தாய் அதற்குப் பிறகு எந்த வாசலுக்குள்ளும் தலை நீட்டவில்லை. பன்றிக்கு 115 நாள் சினை, ஒரு ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டி. மூன்று குட்டியைப் பிடித்து, பொறி தெரிந்த ஒரு தாயைக் காட்டுக்குள் விட்டதுதான் மிச்சம்.

மயக்க ஊசி

"சுடாதே, பொறியும் வேண்டாம், மயக்கி வேறு இடத்தில் விடு" என்று அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்.

மானைத் துரத்திப் பிடித்தால் தசைச் சிதைவு வரும். பயத்திலும் ஓட்டத்திலும் தசையில் அமிலம் ஏறி, தசை உடைந்து, அது சிறுநீரகத்தை அடைக்கும். பிடித்த அன்று நன்றாக நிற்கும், சில நாளில் செத்துக் கிடக்கும். ஒரு பெட்டை மிளா ஊசி பட்டுப் பத்து நிமிடம் ஓடி விழுந்தது. மலவாய்த் தெர்மாமீட்டரில் 42 டிகிரி. தண்ணீர் ஊற்றி, கண்ணைக் கட்டி, வயிறு உப்பாமல் இருக்க நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்திப் பிடித்தார்கள். அப்புறம் விட்ட சிறுநீர் காப்பிக் கொட்டைச் சாறு போலக் கறுப்பு. அந்த நிறத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

நம் வெயிலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஊசி போடுவதென்றால் விடியற்காலை, பக்கத்தில் சாலை இல்லாத இடம், ஓடவிடாமல் தீனிக்கு வந்து நிற்கும்போது. மருந்து ஏறப் பல நிமிடம் ஆகும், அதற்குள் விரைவுச்சாலைக்கு ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

கருத்தடை ஊசியும் மந்திரம் இல்லை. கோனாகான் மருந்துக்கு அமெரிக்காவில் 2009-ல் அனுமதி கிடைத்தது, அப்போது பெட்டை வெள்ளைவால் மானுக்கு மட்டும். சில வருடத்தில் பலன் குறையும், திரும்பப் போட வேண்டும். அதற்கு அதே மானைத் திரும்பப் பிடிக்க வேண்டும். பெட்டைகளில் பெரும்பகுதிக்குப் போட்டாலொழிய எண்ணிக்கை அசையாது. வெளியிலிருந்து மான் வர வழி இருந்தால் அப்போதும் அசையாது.

தேம்ஸ்கரை

மயக்க ஊசி அண்ணன் சொல்வது சரி. மரமேடை சொல்வதோடு ஒத்துப்போக முடியவில்லை. வில் வேட்டையில் அடிபட்டுக் கிடைக்காமல் போகும் மானை யார் கணக்கில் எழுதுவது? கையில் கிடைத்ததை மட்டும் எண்ணி "இந்த வருடம் இத்தனை" என்று அறிக்கை போட்டால், புதரில் இரண்டு நாள் கிடந்து சாவதை ஒளிக்கிற மாதிரிதான். அனுமதிச் சீட்டிலேயே "அடித்தது, கிடைத்தது" என்று இரண்டு கட்டம் வைக்க வேண்டும்.

லண்டன் ரிச்மண்ட் பூங்காவைப் பாருங்கள். 955 ஹெக்டேர், சுற்றிலும் 17-ஆம் நூற்றாண்டுச் சுவர், உள்ளே சுமார் 630 செம்மானும் ஃபேலோ மானும். நவம்பரில் பெட்டையையும் பிப்ரவரியில் ஆணையும் சுடுவார்கள். அந்த மாதங்களில் இரவு 8 மணிக்கு நடைவாசல்களைப் பூட்டி, காலை 7:30-க்குத் திறப்பார்கள். சுடுவது சம்பளத்துக்கு இருக்கும் தொழில்காரர்கள். ஓர் இரவு பூட்டிய வாசலுக்கு வெளியே ஓர் அம்மா நாயோடு நின்று, "மானைக் கொல்லத்தானே பூட்டுகிறீர்கள்" என்று அழுதார். காவலர் மழுப்பவில்லை. "ஆமாம் அம்மா. உள்ளே புல் இவ்வளவுதான். குளிர்காலத்தில் பட்டினியில் விழுவதைப் பார்க்க முடியாது" என்றார். எந்த மாதம், எந்த நேரம், ஏன் என்று பூங்கா வெளிப்படையாக அறிவிப்பதால்தான் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது.

மரமேடை

தேம்ஸ்கரைக்கு: இரண்டு கட்டம் வைப்பதற்கு எதிர்ப்பே இல்லை, வைக்கத்தான் வேண்டும். சுவர் கட்டிய பூங்காவை வைத்துச் சுவர் இல்லாத ஊரை அளக்காதீர்கள். இன்னொன்று, பல வேட்டைத் திட்டங்கள் தோற்பது அம்பினால் இல்லை, கொம்பினால். ஆளை விட்டால் கொம்பு பெரிதாக இருக்கும் ஆண்களைத்தான் அடிப்பார்கள். ஓர் ஆண் பல பெட்டையைச் சினையாக்கும், பத்து ஆணை எடுத்தாலும் அடுத்த வருடம் அதே அளவு குட்டி. நல்ல தீனி இருந்தால் வெள்ளைவால் பெட்டை பெரும்பாலும் இரட்டைக் குட்டிதான் போடும். அதனால் "முதலில் பெட்டை, அதைக் காட்டினால்தான் கொம்பனுக்குச் சீட்டு" என்ற விதி. இதை எழுதாத திட்டம் விளையாட்டுக்கு அனுமதி கொடுக்கிறதே தவிர, எண்ணிக்கையைக் குறைக்காது.

புக்கிட் பாஞ்சாங் அக்கா

பூங்கா இணைப்புப் பாதையில் ஒருவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, பை நிறைய ரொட்டி கொட்டினார். பன்றிகள் முன்னமே வந்து காத்திருந்தன. மோட்டார் சத்தத்துக்கே வருகின்றன. அடுத்து அந்த வழியே பிளாஸ்டிக் பையில் காய்கறியோடு ஒரு பாட்டி வந்தார். பெரிய பன்றி நேரே பையை நோக்கிப் போனது. பாட்டி பையைப் போட்டதால் தப்பித்தார். அவ்வளவுதான் நடந்தது.

இனி நான் சொல்ல வேண்டியது. பொறியும் துப்பாக்கியும் கடைசி வேலை, தீனியை நிறுத்துவது முதல் வேலை. வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வரை. பழைய தோட்டங்களில் மிஞ்சிய செம்பனை (எண்ணெய்ப்பனை) மரமும் தீனிதான். காட்டோரத்தில் அந்தப் பழக்குலைகள் உதிரும் இடத்தில் கூட்டம் நிலையாகத் தங்கும், அதனால் அந்த மரங்களையும் அகற்ற வேண்டும். குப்பைத்தொட்டிக்குப் பூட்டும் மூடி வேண்டும்.

பன்றி எதிரே வந்தால் ஓடாதீர்கள், பளிச்சென்று ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், முகத்தை அதன் பக்கமே வைத்து மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய வருகிறது என்று தோன்றினால் பெஞ்சு மேல் ஏறுங்கள், அல்லது இடையில் கெட்டியான பொருள் ஏதாவது இருக்கட்டும். குட்டி கூடவே இருந்தால் இரட்டைத் தூரம். நாயைக் குட்டைக் கயிற்றில் பிடியுங்கள், குரைக்கும் நாயைத்தான் முதலில் குத்தும்.

வண்டி ஓட்டுபவர்களே, மண்டாய்ப் பக்கமும் புக்கிட் தீமா விரைவுச்சாலையிலும் அந்தி, விடியல் நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்றே வையுங்கள். பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். மிளாவுக்குக் கால் உயரம், மோதினால் உடம்பு கண்ணாடியில் வந்து விழும். விரைவுச்சாலைக்கு மேலே 2013-ல் கட்டிய 62 மீட்டர் பசுமைப் பாலமும் மண்டாயில் 2019-ல் திறந்த விலங்குப் பாலமும் உதவுகின்றன. ஆனால் விலங்கைப் பாலத்துக்குத் திருப்பிவிட வழியெல்லாம் வேலி வேண்டும். செத்த பன்றியைப் பார்த்தால் தொடாமல் தகவல் சொல்லுங்கள். 2023 பிப்ரவரியில் இங்கே காட்டுப்பன்றியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்கு வராது, ஆனால் காலணியிலும் பொறிக் கம்பியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போகும். பொறி கட்டுகிறவர்கள் ஒவ்வோர் இடத்திலும் கம்பியைக் கழுவிக் கிருமிநாசினி போட வேண்டும்.

செம்பனை

அக்கா சொன்ன கிருமிநாசினி விஷயத்தை நான் விட்டுவிட்டேன், சேர்த்ததற்கு நன்றி. ரொட்டி போடும் இடத்துக்குப் பக்கத்தில் பொறி வைத்தால் பலன் பாதிதான், வயிறு நிறைந்த பன்றி வாசலுக்குள் வராது.

மிளாத்தடம்

எல்லாரும் எத்தனை செத்தது, எத்தனை பிடித்தது என்றே எழுதுகிறீர்கள். பூங்கா தேறியதா என்று காட்டுவது செடி. மான் எட்டும் உயரம் வரைக்கும், சுமார் ஒன்றரை மீட்டர், காடு மொட்டையாக ஒரே கோடாகத் தெரியும். பன்றி என்றால் ஒரு ஈற்றுக்கூடு கட்டவே நூற்றுக்கணக்கான கன்றுகளை ஒடித்துக் குவிக்கும். மலேசியாவின் பாசோ காட்டில் இதை விரிவாக அளந்திருக்கிறார்கள். வேலை தொடங்கும் முன்பே சில இடங்களில் வேலி போட்டு அடைத்து, பக்கத்திலேயே அதே அளவு திறந்த இடத்தையும் குறித்து, இரண்டிலும் முழங்கால் உயரக் கன்றுகளை எண்ணி வையுங்கள். மானுக்கு வேலி 2.4 மீட்டர், பன்றிக்கு உயரத்தைவிட அடிக்கம்பி முக்கியம். வருடா வருடம் அதே மாதத்தில் திரும்ப எண்ண வேண்டும். இதற்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் பொறிக்கு மட்டும் ஒதுக்கும் திட்டம் எங்காவது நடப்பதைப் பார்த்தவர்கள் இருந்தால் அடுத்து அதை எழுதுங்கள்.