மிஸ்ட் இறங்கினா மேட்டுல நின்னுடுது: 45 மி.மீ. தடத்துல டீசல் இன்ஜின்

குன்னூர்_பினியன்:
கோத்தகிரியில நண்பர் தோட்டத்துல மாடல் ரயில் ஓட்ட 45 மி.மீ. அகலத்துல தடம். சுத்து 40 மீட்டர், பித்தளை ரெயில், ரெயில் வழியாவே 18 வோல்ட். ஒரு பக்கம் 6 மீட்டருக்கு 20 செ.மீ. ஏறுது. வண்டி 1:22.5 அளவுல ஒய்.டி.எம்.4 (மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின்) மாடல், எடை 4 கிலோ; பின்னாடி 1.6 கிலோ வீதம் 5 பெட்டி. மதியம் ரெண்டு மணி வரை ஜம்முனு ஓடுது, மிஸ்ட் இறங்கினதும் மேட்டுல நின்னுடுது. மோட்டாரை மாத்தணுமா? ஞாயிறு மதியம் இன்னும் ரெண்டு பேர் இன்ஜினோட வர்றாங்க.

தடம்45:
மோட்டாரைத் தொடாதீங்க. நிக்கிறப்ப சக்கரம் சுத்துதா, அதுவும் நின்னுடுதா? நின்னா கரண்ட் பிரச்சினை. சுத்திக்கிட்டே நகரலேன்னா பிடிப்பு இல்ல.

கணக்கைப் பாருங்க. மொத்த எடை 12 கிலோ, ஏத்தம் 3.3 சதவீதம், அதுக்கே 400 கிராம் இழுவிசை வேணும். உருளும் தடைக்கு 2 சதவீதம்னு வெச்சா இன்னொரு 240. ஆக 640, வளைவு இருந்தா இன்னும் கூடும். காய்ஞ்ச ரெயில்ல 4 கிலோ இன்ஜின் சுமார் ஒரு கிலோ இழுக்கும். ஈரத்தோட அழுக்கும் சேர்ந்தா அதுல பாதிதான். அதான் ரெண்டு மணிக்கு மேல வழுக்குது. மூணு பெட்டியைக் கழட்டினா 380க்கு வந்துடும், ஏறிடும்.

நம்ம நீலகிரி மலை ரயில் 12.5க்கு 1 ஏறுதேன்னு யாராவது கேப்பாங்க. அது கல்லாறு–குன்னூர் நடுவுல பல்சக்கரத்தோட ஏறுறது. டீசல் இழுக்கிறது குன்னூருக்கு மேல, பல் இல்லாத தடத்துல.

குன்னூர்_பினியன்:
சுத்துது, வழுக்குது. ஆனா மேட்டுல ஏறும்போது லைட்டும் மங்குது.

ஜாயின்ட்_செக்:
அப்ப ரெண்டும் இருக்கு. மல்டிமீட்டரை மேட்டுப் பக்க ரெயில்ல வெச்சு, வண்டி இழுக்கிறப்பவே பாருங்க. சும்மா நிக்கிறப்ப பார்த்தா 18 தான் காட்டும், ஏமாந்துடுவீங்க. 15க்குக் கீழ போனா இணைப்புத் தகடுகள்ல பச்சை பூத்திருக்கும். மேட்டுப் பக்கமும் 2.5 சதுர மி.மீ. வயர்ல தனியா ஒரு கரண்ட் இணைப்பு கொடுங்க. 10 மீட்டர் தூரத்துக்கு, 3 ஆம்பியர் ஓடினாலும் அரை வோல்ட்தான் இறங்கும். பவர் சப்ளை வீட்டுக்குள்ள இருக்கட்டும், வெளியே தாழ்வோல்ட் வயர் மட்டும்.

துடைக்க, பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரைக் குச்சியில கட்டிக்குங்க, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணி. உப்புத்தாள் வேண்டாம், கீறல்ல அழுக்கு தங்கும். ஸ்டீல் வுல் (மெல்லிசான இரும்பு இழை) கூடவே கூடாது: மோட்டார் காந்தம் இழுத்து உள்ளே போயிடும். பக்கத்துல கற்பூர மரம் (யூகலிப்டஸ்) இருந்தா விழுந்த இலையை ஓட்டுறதுக்கு முன்னாடி பெருக்கிடுங்க. சக்கரத்துல நசுங்கினா அந்த எண்ணெய் சுத்து முழுக்கப் பரவும்.

பேட்டரி_பெட்டி:
இந்த ஊருக்குப் பேட்டரிதான் சரி. 4 லித்தியம் செல் தொடரா, 14.8 வோல்ட், 3 ஆம்பியர்-மணி. சராசரி 1.5 ஆம்பியர் இழுத்தா ரெண்டு மணி நேரம் வரும். 5 ஆம்பியர் ஃபியூஸும் பாதுகாப்பு போர்டும் கட்டாயம். சக்கரத்துலேருந்து வர்ற வயரை முழுக்கப் பிரிச்சிடுங்க, இல்லேன்னா ரெயில் கரண்டும் பேட்டரியும் மோதிக்கும். வழுக்கலை இது தீர்க்காது, வோல்ட்டை மட்டும் தீர்க்கும்.

ரெண்டு இன்ஜின் சேர்த்தா முதல்ல ஒரு மீட்டர் இடைவெளி விட்டுத் தனித்தனியா ஓட்டுங்க. வேகமா போறதை முன்னாடி போடணும். பின்னாடி போட்டா வளைவுல முன்னாடி இருக்கிறதைத் தள்ளித் தடத்துலேருந்து தூக்கிடும்.

தடம்45:
இன்ஜின்ல ஈயம் ஏத்துறதா இருந்தா டயர் கடையில பேலன்சிங்குக்கு ஒட்டுற பட்டை போதும், அரை கிலோவுக்கு மேல வேண்டாம். சக்கரம் வழுக்கவே முடியாத எடை வந்தா முதல்ல போறது பிளாஸ்டிக் கியர். மேடு ஆரம்பிக்கிற இடத்துல கப்ளர் (பெட்டிகளை இணைக்கிற கொக்கி) கழண்டா அங்க சரிவு திடீர்னு மாறுதுன்னு அர்த்தம். ஒரு பெட்டி நீளத்துக்காவது மெல்ல ஏத்துங்க. ஞாயிறு காலையில தடத்தை ஒரு சுத்து நடந்து பாருங்க. ராத்திரி காட்டுமாடு மிதிச்சிருந்தா ஒரு பக்க ரெயில் மட்டும் இறங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குறுக்கே ரசமட்டம் வெச்சாத்தான் தெரியும்.