குட்டித் தீவில் ஐந்து நாள்: கடல் சொன்ன நேரப்படி

இந்தக் கோடை விடுமுறைக்கு நான், கணவர், ஒன்பது வயது மகள் மூவரும் ஒரு சின்னத் தீவில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தோம். கரையைச் சுற்றி வந்தால் 4 கிலோமீட்டர்தான் இருக்கும். அங்கே எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரையோரமாக நடந்ததுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

போய் இறங்கியதும் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். நாங்கள் போனது அமாவாசையை ஒட்டிய நாட்கள். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் கடல் ஏறுவதும் அதிகம், இறங்குவதும் அதிகம். அஷ்டமி வாக்கில் போனால் இவ்வளவு தூரம் வற்றாது. அதனால் முதல் நாள் காலை 7 மணிக்கு, முந்தைய மாலை அலை அடித்துக்கொண்டிருந்த இடத்தில் பாறையும் பாசியும் சின்னச் சின்னக் குட்டைகளும் இருந்தன. ஒரு குட்டையின் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் அது உயிர் பெற்றுவிடும்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தத் துறவி நண்டைப் பார்த்தோம். அதற்கு அடிவயிறு மெத்தென்று இருக்கும், ஓடு கிடையாது. அதனால் காலியான சங்குக்குள் குடியிருக்கும். உடல் வளர வளரப் பெரிய சங்காகத் தேடி மாற வேண்டும். எங்கள் கண்ணெதிரே ஒன்று, காலியான சங்கின் வாயைக் காலால் தடவித் தடவி அளவு பார்த்தது. உள்ளே கொடுக்கை விட்டுத் துழாவியது. சட்டென்று பழைய சங்கிலிருந்து உருவிக்கொண்டு புதியதற்குள் பின்பக்கமாகப் புகுந்துவிட்டது. கண் சிமிட்டும் நேரம்தான். "அம்மா, வீடு மாத்திடுச்சு!" என்று மகள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். சில சமயம் பல நண்டுகள் அளவு வாரியாக வரிசையில் நின்று, பெரியது மாறியதும் அது விட்ட சங்குக்கு அடுத்தது என்று வரிசையாகக் குடிபெயருமாம். அன்று அவள் பையில் போட்டு வைத்திருந்த சங்கையெல்லாம் அவளே எடுத்துக் கரையில் வைத்துவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ஒரு தப்பு செய்தோம். கடல் வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அன்று 7.50க்கு முழுதாக வற்றியது. நாங்கள் கிளம்பியதே எட்டரைக்கு. தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லையே என்று பாறை முனையைத் தாண்டிப் போய்விட்டோம். முதல் ஒரு மணி நேரம் மெதுவாகத்தான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் வேகம் பிடிக்கும், மொத்த ஏற்றத்தில் பாதி அப்போதுதான். பத்தேகாலுக்குத் திரும்பி வந்தால், போன வழியில் இடுப்பளவு தண்ணீர் பாறையில் மோதிக்கொண்டிருந்தது. நல்லவேளை, மேட்டில் ஏறிப் புதருக்குள் வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்தோம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது அடங்க வெகுநேரம் ஆயிற்று. குழந்தைகளோடு போகிறவர்கள் வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். முழுதாக வற்றியதும் திரும்பிவிடுங்கள்.

பவளப்பாறைப் பக்கம் முகமூடியும் ஸ்நோர்கலும் (முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சு விடும் குழாய்) போட்டு மிதந்ததையும் சொல்ல வேண்டும். தலையைத் தண்ணீருக்குள் வைத்ததும் நொறுக் நொறுக் என்று ஒரு சத்தம். கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம் அது. கொறித்ததைப் பொடியாக்கி வெளியே விடுகிறது. பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் நிறைய அப்படி வந்ததுதான். முகமூடி வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அதுதான் உங்கள் அளவு. முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள், முதுகு வெந்துவிடும். பவளத்தில் காலை ஊன்றவே கூடாது.

ஒரு மத்தியானம் கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். மணலில் நின்றால் அடிவானம் 4.5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 25 மீட்டர் மேலே போனால் 18 கிலோமீட்டர்வரை கண் போகும். தீவு முழுக்கக் காலடியில் ஒரு பச்சை இலை மாதிரி கிடந்தது.

நிலா இல்லாத இரவுகள் என்பதால் விளக்கை அணைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம். இருட்டு கண்ணுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை மொபைலைத் தொடவே கூடாது. மூன்றாம் இரவு, ஈர மணலில் மகள் கால் வைத்த இடமெல்லாம் நீலப் பொட்டுகள் மின்னின. தண்ணீரில் இருக்கும் ஒற்றைச் செல் உயிர்கள், கலக்கும்போது ஒளி விடுகின்றன. அவள் கையால் அளைந்தாள், விரல் இடுக்கிலெல்லாம் வெளிச்சம் வழிந்தது. மறுநாள் இரவு போனோம், ஒன்றுமே இல்லை.

ஒன்றுக்கு மட்டும் காத்திருந்தும் கிடைக்கவில்லை. சூரியன் கடலுக்குள் மறையும் கடைசி நொடியில், மேல் விளிம்பு ஒரு கணம் பச்சையாகத் தெரியும் என்பார்கள். ஐந்து மாலையும் போய் நின்றோம். மூன்று நாள் அடிவானத்தில் மேகம், இரண்டு நாள் தெளிவாக இருந்தும் தெரியவில்லை. உங்களில் யாராவது அதைப் பார்த்திருந்தால் எங்கே, எப்படித் தெரிந்தது என்று எழுதுங்களேன். மகள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.