பொருள்: மாஸ் பேலன்ஸுக்குத் தமிழில் என்ன?

தண்டையார்பேட்டை, வெள்ளி இரவு

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குத் துருவப் பனி பற்றி இரண்டு பக்கக் குறிப்பு கொடுக்க வேண்டும். க்ளேசியருக்குப் பனியாறு, நிலத்தையே மூடிக் கிடக்கும் ஐஸ் ஷீட்டுக்குப் பனிவிரிப்பு என்று போட்டுவிட்டேன். மாஸ் பேலன்ஸில் வந்து மாட்டிக்கொண்டேன். ஓராண்டில் பனிவிரிப்பின் மேல் பெய்து சேர்ந்தது எவ்வளவு, உருகியும் உடைந்தும் போனது எவ்வளவு, கழித்தால் என்ன வரும் என்பதுதான் விஷயம். கைக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பில் 'நிறைச் சமநிலை' என்று இருக்கிறது. கிரீன்லாந்து 2002 முதல் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழந்துவருகிறது. அதைச் சமநிலை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'எதிர்மறைச் சமநிலை' என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஞாயிறு மாலை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். உதவுங்கள்.

வியாசர்பாடி, சனி விடியல்

அம்மா, முதலில் அடியைப் பாருங்கள். பனி என்றால் ஐஸா? முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்தவர்கள் சொன்னது புல்நுனியில் நிற்கும் துளியை. பனித்தல் நடுங்குதல், கண் பனித்தது என்றால் நீர் துளிர்த்தது. இதில் கட்டி எங்கே வந்தது? வானத்திலிருந்து கட்டியாக விழுவதற்குச் சங்கப் புலவர் வைத்த பெயர் ஆலி. ஆலங்கட்டியில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆலிவிரிப்பு, ஆலியாறு, ஆலியியல் என்று வரிசையாக வரும். நீங்கள் கேட்டதற்கு 'ஆலிநிறை ஒப்பு'.

தண்டையார்பேட்டை

ஐயா, ஆலி அழகுதான். ஆனால் என் வகுப்பில் ஆலி, ஆழி, ஆளி மூன்றும் ஒரே சத்தத்தில்தான் வரும். பனியும் கடலும் ஒன்றாகிவிடும். என் குறிப்பின் கடைசிப் பத்தியே அதுதான் என்றாலும், முதல் பத்தியிலேயே கலந்துவிடக் கூடாது.

மாதவரம்

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்கள் பாடநூலில் மாஸுக்குத் திணிவு, வெயிட்டுக்கு நிறை. இங்கே மாஸ் நிறை, வெயிட் எடை. 'நிறைச் சமநிலை' என்று படித்தால் எனக்குத் தராசுதான் கண்ணில் நிற்கிறது. திணிவு என்று போட்டால் இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்குமே?

வியாசர்பாடி

தராசு கண்ணில் நிற்பதில் தவறில்லை தம்பி. துலாக்கோலுக்கு நிறைகோல் என்றே ஒரு பெயர் உண்டு. வள்ளுவர் 'நிறைகாக்கும் காப்பே தலை' என்றது மன உறுதியை. ஒரே சொல் எத்தனை சுமக்கிறது பாருங்கள்! நிறு, நிறுவு, நிறுத்து, நிறை எல்லாம் ஒரு வேர் என்பது என் எண்ணம். இதைத் தனியாக எழுதுகிறேன்.

எண்ணூர்

ஐயா தனியாகவே எழுதட்டும். பொறியாளன் என்ற முறையில் இரண்டு குறிப்பு. ஒன்று, இங்கே பேலன்ஸ் தராசு இல்லை, வங்கிப் பாஸ்புத்தகத்து பேலன்ஸ். இரண்டு, செலவுப் பக்கத்துக்கு 'உருகல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அண்டார்க்டிகாவில் மேலே உருகி ஓடுவது கொஞ்சம்தான். விளிம்பில் உடைந்து மிதந்து போவதும், கடலில் மிதக்கும் பனித்தட்டை அடியிலிருந்து கடல்நீர் அரிப்பதும்தான் பெரிய செலவு. உடைவதற்கு ஆங்கிலத்தில் பசு கன்று போடும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். நமக்கு வாழையும் ஈனும், பசுவும் ஈனும், பனி ஈனட்டுமே. நிலத்தில் கிடக்கும் பனியில் சுமார் 36,000 கோடி டன் கடலுக்குப் போனால் உலகக் கடல்மட்டம் 1 மி.மீ. ஏறும். திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் கொடுங்கள், கரையில் கல் கொட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

காசிமேடு

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கேனை இறக்கி உறைய வைத்து, தூக்கிக் கவிழ்த்தால் பார் வழுக்கிக்கொண்டு வந்து விழும். மீன்பாடி வண்டியில் ஏற்றி, மேலே சாக்கு போட்டுப் படகுக்குப் போவதற்குள் ரோட்டில் ஈரக் கோடு ஒன்று கூடவே வரும். ஏற்றியது ஒரு எண், படகில் இறக்கியது ஒரு எண். நடுவில் போனது உருகினதா, மூலை உடைந்து விழுந்ததா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நகைக்கடையில் சொல்வது போல நான் அதைச் சேதாரம் என்று எழுதுவேன். டீச்சர் கேட்பதும் இதேதானே? பனிக்கணக்கு என்று வைத்தால் ஆகாதா? வரவு, சேதாரம், மிச்சம்.

மாதவரம்

அருமை, அண்ணா! கணக்கில் நட்டமும் வரும், சமநிலையில் வராது.

வியாசர்பாடி

சேதாரத்தில் சேதம் இருக்கிறது, அது வடசொல். இழப்பு என்று மாற்றுங்கள். கணக்கு நல்ல சொல். கணக்காயர் என்றால் ஆசிரியர், பதினெண்கீழ்க்கணக்கு நம் சொத்து. ஆனால் நிறை எங்கே போயிற்று? பனிக்கணக்கு என்றால் எத்தனை நாள் பனி பெய்தது என்றும் பொருள் வருமே.

எண்ணூர்

இந்த மறுப்பு நியாயம். பொட்டலத்தில் நிகர எடை என்று போடுகிறார்கள், நிகர லாபம், நிகர நட்டம் என்கிறோம். 'நிறை நிகரம்'?

வியாசர்பாடி

நிகர் என்றாலே ஒப்பு! என் 'ஆலிநிறை ஒப்பு' மட்டும் என்ன பாவம் செய்தது?

தண்டையார்பேட்டை, ஞாயிறு மாலை

எல்லோருக்கும் நன்றி. ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். தலைப்பில் 'பனிக்கணக்கு', முதல் வரியில் 'நிறைச் சமநிலை என்றும் எழுதுவர்' என்று சேர்த்திருக்கிறேன், தேர்வில் அப்படி வந்தால் பிள்ளைகள் முழிக்கக் கூடாது. வரவு, இழப்பு, மிச்சம். சேதாரத்தை வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

வியாசர்பாடி

எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் ஒரு படி எடுத்து வையுங்கள். ஆலி என்று நானே பேனாவால் திருத்திக்கொள்கிறேன்.