ஹொக்கைடோ பனிமலைக்கு இரண்டு தேடு கருவி இரவல் கிடைக்குமா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறு பேர் பிப்ரவரியில் ஜப்பானின் அசஹிதாக்கே மலைக்குப் போகிறோம். பனிச்சரிவு டிரான்சீவர் (பனியில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேட, ஆளுக்கொன்று உடம்பில் கட்டிக்கொள்ளும் ரேடியோ கருவி) இரண்டு குறைகிறது. 457 கிலோஹெர்ட்ஸ், மூன்று ஆன்டெனா உள்ளது வேண்டும். பழைய ஒற்றை ஆன்டெனா தேடும்போது திசை சொல்லத் தடுமாறும். பனிக்குள் குத்திப் பார்க்க 240 செ.மீ.க்குக் குறையாத துழாவு கம்பியும் உலோக மண்வாரியும் இருந்தாலும் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வாரி சரிப்படாது. சரிந்த பனி நின்ற கையோடு சிமெண்டுபோல் இறுகிவிடும், வாரிதான் உடையும்.

ஞாயிறு காலை 7 மணிக்குத் தோட்டத்துத் திடலில் பயிற்சி. கருவியைக் கோணியில் சுற்றி மணலுக்குள் புதைத்துத் தேடுவோம். தேடுபவர் கைப்பேசியை அணைத்துவிட வேண்டும், பக்கத்தில் இருந்தால் கருவி பொய்யான தூர எண் காட்டும். கடைசி 3 மீட்டரில் கருவியைத் தரையோடு ஒட்டி, திருப்பாமல், மெதுவாக நகர்த்தணும். அவசரத்தில் எல்லாரும் கோட்டைவிடுவது அங்கேதான். புதைந்தவருக்கு இருப்பதோ பத்து, பதினைந்து நிமிடம்.

இன்னொன்று: புதுப்பனி விழுந்து ஓரிரண்டு நாள் 30 முதல் 45 பாகைச் சரிவுப் பக்கம் போகமாட்டோம். அங்கே நடந்தவர்கள் யாராவது, தலைக்கு மேலேயும் அப்படிச் சரிவு இல்லாத தடம் காட்டுவீர்களா? ஜப்பானிய மொழி எச்சரிக்கை அறிக்கையை வாசித்துச் சொல்ல ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.