மறு: ‘மணமூட்டிய ஜின்’ – ஒரு சொல் போதாது, வடிமணம், ஊறுமணம், சேர்மணம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நேற்றிரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லாருடைய மடல்களையும் ஒருசேரப் படித்தேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: சிங்கப்பூரில் எங்கள் பாரில் வேலைக்கு வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பழம், பூ, இலை மணமுள்ள ஜின் வகைகளை அதில் எப்படிக் குறிப்பது என்ற கேள்வியில்தான் இந்த இழை தொடங்கியது.

> ‘மணமூட்டிய ஜின்’ என்றே எழுதலாமே. படித்தவுடன் புரிகிறது. அதற்கு எதற்கு மூன்று சொல்?

ஐயா, புரிகிறதுதான். ஆனால் தவறாகப் புரிகிறது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இதே சொல்லை வைத்து நானே ஒரு தாள் எழுதி ஒட்டினேன்: ‘மணமூட்டிய ஜின் – மேல்தட்டு’. புதிதாக வந்த பையன் எழுதியபடியே செய்தான். அந்த மேல்தட்டு ஜன்னலை ஒட்டியது, பிற்பகல் வெயில் நேராக விழும். ஆரஞ்சுத் தோல் போட்டு வடித்த ஜின், சங்குப்பூ ஜின், அன்னாசி ஊறப்போட்ட ஜாடி மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. சில வாரங்களில் சங்குப்பூவின் நீலம் சாம்பல் பூத்துவிட்டது. ஜாடியின் மூடி சரியாக இறுகவில்லை. ஜின்னுக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்த அன்னாசித் துண்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. ஆரஞ்சுத் தோல் ஜின்னுக்கு மட்டும் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. பையன் மேல் எந்தத் தவறும் இல்லை. மூன்றும் வேறு வேறு என்பதை என் சொல் அவனுக்குச் சொல்லவில்லை.

ஆகவே, மணம் எந்த வழியில் உள்ளே வந்தது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும் என்கிறேன். புட்டியை எங்கே வைப்பது, எதோடு ஊற்றுவது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதல் வழி வடித்தல். ஜூனிப்பர் (ஜின்னுக்கு அடிப்படை மணம் தரும் காய்), கொத்தமல்லி விதை, தோல்கள், வேர்கள் எல்லாவற்றையும் சாராயத்தோடு வாலையில், அதாவது வடிகலத்தில், ஏற்றிக் காய்ச்சுகிறார்கள். ஆவியோடு மணம் வரும். நிறமும் சர்க்கரையும் வாலையைத் தாண்டாது. எனவே வடித்தது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். இதை ‘வடிமண ஜின்’ என்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, புட்டியில் ‘லண்டன் ஜின்’ என்று போட வேண்டுமானால் மணம் முழுதும் வடிப்பிலேயே வந்திருக்க வேண்டும், நிறம் சேர்க்கக்கூடாது, இனிப்பு லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக்கூடாது. நீலமோ சிவப்போ தெரிந்தால் அது லண்டன் ஜின் இல்லை என்று பிள்ளைகள் கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

இரண்டாவது, வடித்த பிறகு பூவையோ பழத்தையோ உள்ளே ஊறப்போடுவது. இதற்குத்தான் ‘ஊறுமண ஜின்’.

மூன்றாவது, சாற்றையோ எசன்சையோ பாகையோ கடைசியில் கலப்பது. அதற்குச் ‘சேர்மண ஜின்’.

நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு இங்கே நன்றி சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் வாலையிட்டு வடித்தது தீநீர், ஊறவைத்து எடுத்தது ஊறல் குடிநீர், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சியது மணப்பாகு என்று அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஓமத் தீநீரைச் சிறுவயதில் குடிக்காதவர் நம்மில் யார்? நான் புதிதாகப் பிரிக்க நினைத்ததை நம் மருந்துச்சாலை எப்போதோ பிரித்துவிட்டது. நாம் பெயரை மட்டும் இந்தத் தொழிலுக்குப் பொருத்துகிறோம்.

> ‘ஊறு’ என்றால் துன்பம், கேடு. குடிக்கும் பொருளுக்கு அந்தச் சொல்லா?

இலக்கியப் பொருள் அதுதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் ஊறுகாயை யாரும் கேடு தரும் காய் என்று படிப்பதில்லை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்தையும் தாங்கும் வினைத்தொகை அது. வடிமணம், ஊறுமணம், சேர்மணம் மூன்றும் அதே அச்சில் வார்த்தவை. இலக்கணம் ஒன்றாக இருப்பதால் மனத்தில் நிற்கவும் எளிது.

வெறும் ‘ஊறல் ஜின்’ போதாதா என்று தம்பி கேட்டிருந்தார். போதாது தம்பி. தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று வாரம்தோறும் படித்து வளர்ந்த பிள்ளைகள் நம் கையேட்டைத் திறக்கப்போகிறார்கள். அவர்களுக்கு ஊறல் என்றால் காட்டுக்குள் புதைத்த பானை. அந்த நினைவைத் தட்டியெழுப்ப வேண்டாம்.

‘கலப்புமணம்’ என்று வந்த பரிந்துரையையும் அதே காரணத்தால்தான் விட்டேன். சாதி கடந்த திருமணத்துக்கு அது நிலைத்துவிட்ட பெயர். ‘சேர்’ அந்தச் சிக்கல் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறது.

‘தேறல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். யவனர் கலத்தில் கொண்டுவந்த, தண்ணென்று மணக்கும் தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு சொல்கிறது. கடல் கடந்து வந்த மணமுள்ள மது, ஜின்னுக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனாலும் அந்தத் தேறல் வாலையில் வடித்ததன்று. வடிப்பு முறையைக் காட்டத்தான் சொல் தேடுகிறோம் என்னும்போது அதை இங்கே வைக்க மனம் ஒப்பவில்லை.

> ஹெண்ட்ரிக்ஸ் என்ற ஜின் எதில் சேரும்? நிறமே இல்லை, வடிமணம் என்று போட்டுவிடலாமா?

தம்பியின் இந்தக் கேள்விதான் என் முதல் பட்டியலை உடைத்தது. மூன்றாவது வகைக்கு நான் முதலில் ‘பாகுமணம்’ என்று எழுதியிருந்தேன். ஹெண்ட்ரிக்ஸில் வடிப்பு முடிந்த பிறகு ரோஜா, வெள்ளரி எசன்ஸ் சேர்க்கிறார்கள். பாகு கிடையாது, நிறமும் கிடையாது, ஆனால் மணம் பின்னால் வந்தது. ஆகவே மூன்றாவது சேர்மணம் என்று மாறியது. ‘பாகு’ தனி அடைமொழியாகிவிட்டது. இனிப்பு உள்ள எதற்கும் முன்னால் அது வந்து நிற்கும். ஸ்லோ ஜின் என்பது ஸ்லோ என்ற புளிப்புப் பழத்தைச் சர்க்கரையோடு ஜின்னில் ஊறவைப்பது. அது ‘பாகு ஊறுமண ஜின்’.

இந்தப் ‘பாகு’ அடைமொழி வாங்கும்போதே கைகொடுக்கிறது. ஐரோப்பிய விதியில் ஜின் என்றால் 37.5 விழுக்காடு ஆல்கஹாலாவது வேண்டும், ஸ்லோ ஜின்னுக்கோ 25 போதும். விழுக்காடு 37.5க்குக் கீழே தெரிந்தால் அநேகமாக இனிப்பு இருக்கிறது என்று புட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் சாராய வகைக்குத் தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரி. 700 மில்லி, 40 விழுக்காட்டுப் புட்டியில் வரி மட்டும் 24 வெள்ளி 64 காசு. பாரில் வீணாகும் ஒவ்வொரு புட்டியும் இந்தக் கணக்கோடுதான் குப்பைக்குப் போகிறது. மணம் சீக்கிரம் மங்கும் வகையைச் சிறிய புட்டியாக வாங்குங்கள் என்று கையேட்டில் அழுத்தி எழுதியிருக்கிறேன்.

பரிமாறுவதற்கு வருகிறேன். வடிமணத்துக்கு டானிக் (கசப்பும் இனிப்பும் கலந்த சோடா நீர்) தாராளமாகப் போகும்: 45 மில்லி ஜின்னுக்கு 120 முதல் 150 வரை, கிளாஸ் நிறையப் பனிக்கட்டி. பாகு உள்ளதற்கு அதே டானிக்கை ஊற்றினால் திகட்டிவிடும், டானிக்கிலேயே சர்க்கரை இருக்கிறது. சோடாவும் ஒரு கலமான்சியும் (சிறு எலுமிச்சை வகை) போதும். சங்குப்பூ ஊறுமணத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பனிக்கட்டி, பிறகு டானிக், கடைசியில் கரண்டியின் முதுகில் ஜின்னை மெல்ல விட வேண்டும். மேலே நீலம் நிற்கும். டானிக்கின் புளிப்பு தொட்ட இடத்தில் ஊதா இறங்கும், கலக்கினால் ரோஜா நிறம். விருந்தாளி முன்னால்தான் அதைக் கலக்க வேண்டும், உள்ளே கலக்கிக்கொண்டு வந்தால் பாதி மகிழ்ச்சி போய்விட்டது. அலெக்சாண்ட்ரா பக்கம் 2018இல் தொடங்கிய பிராஸ் லயன் வடிசாலை சங்குப்பூ ஜின் விற்கிறது. தேக்காவில் இறைவனுக்குச் சாற்றவும், கம்போங்கில் (மலாய்க் கிராமத்தில்) குவே பலகாரத்துக்கு நீலம் ஏற்றவும் பழகிய பூ என்பதால் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது.

வைப்பு முறை. எல்லாப் புட்டியும் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்கவைத்தால் சாராயம் தக்கையை அரிக்கும். வடிமணம் வெயில் படாத அலமாரியில் நெடுநாள் கிடக்கும். புட்டி காலியாக ஆக உள்ளே காற்று கூடி மணம் மங்குவதால், கால்வாசிக்கு வந்ததும் சிறிய புட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது. ஊறுமணத்துக்கு இருட்டு கட்டாயம், திறந்த பிறகு குளிர்பெட்டி. நாமே ஊறப்போடுவதென்றால் பழம் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும், மணம் இறங்கியதும் வடிகட்டி எடுத்துவிட வேண்டும். பழத்தின் நீர் ஜின்னை நீர்க்கச் செய்வதால், கெடாமல் காக்கும் ஆல்கஹாலின் வலு முன்புபோல் அதில் இல்லை. தேயிலை போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் துவர்த்துவிடும். உறைபெட்டியில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வீட்டு உறைபெட்டியின் குளிரில் 40 விழுக்காட்டு ஜின் உறையாது, ஆனால் அந்தக் குளிரில் மணம் எழாது. மணத்துக்காகக் காசு கொடுத்து வாங்கியதை அப்படி அடைத்துவைக்க வேண்டாம்.

ஒரு சொல்லில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. ஜின்னுக்குள் போகும் விதை, வேர், பட்டை, பூ அனைத்துக்கும் பொதுப்பெயர். பாம்பே சஃபயர் என்ற ஜின்னைப் பத்துப் பொருள் போட்டு வடிக்கிறார்கள். அதில் வால்மிளகு, அதிமதுரம், கொத்தமல்லி விதை, பாதாம் நான்கும் அக்கா கடையில் இருக்கும். அவர் அவற்றைக் கடைச்சரக்கு என்கிறார். ‘மணச்சரக்கு’ என்றால் அழகாக இருக்கிறது. ஆனால் சரக்கு என்றால் பிள்ளைகளுக்கு இன்று மதுவேதான், ‘ஜின்னில் சரக்கு போடு’ என்றால் குழம்பிவிடுவார்கள். ‘மணப்பொருள்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். அதில் உயிர் கொஞ்சம் குறைவு என்பது எனக்கே தெரிகிறது.

இந்த மாலை எங்கள் பார் அலமாரியில் ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன்: வ, ஊ, சே. இனிப்பு உள்ளதற்குப் பக்கத்தில் ஒரு பா. புதிதாக வந்திருக்கும் பெண் பார்த்துவிட்டு, ஊ போட்ட இரண்டு புட்டிகளைத் தானாகவே எடுத்துக்கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்தாள்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மணப்பொருளைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்.