லிட்டில் மோர்ட்டன் ஹால் ஏன் இப்படிக் கோணலாக நிற்கிறது?

வல்லிக்கேணி கலா:
என் மகள் கட்டடக்கலை இரண்டாம் வருடம் படிக்கிறாள். பழைய ஆங்கிலேய மேனர் ஹவுஸ் (நிலக்கிழார் மாளிகை) ஒன்றை அட்டையில் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தில் செஷயரில் இருக்கும் லிட்டில் மோர்ட்டன் ஹால். படத்தில் பார்த்தால் மேல்மாடிச் சன்னல் வரிசை அலை மாதிரி ஏறி இறங்குகிறது. நேராக வெட்டுவதா, கோணலாக வெட்டுவதா என்று இரண்டு நாளாகக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறாள். கட்டும்போதே அப்படித்தான் கட்டினார்களா?

நவீன், பெரம்பூர்:
சுற்றிலும் அகழி இருக்கிறதே. ஈரத்தில் அஸ்திவாரம் இறங்கியிருக்கும்.

பழையவீடு சேகர்:
கலா அம்மா, நான் 31 வருடமாக மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடுகளுக்கு மராமத்து பார்க்கிறவன். இங்கிலாந்தில் ஸ்டோக் நகரில் இருக்கும் என் மகளிடம் போயிருந்தபோது இந்த வீட்டில் ஒரு பகல் முழுக்கச் சுற்றினேன். நவீன், முக்கியக் காரணம் தலைப்பாரம், அதாவது மேலே ஏற்றிய கனம்.

1500களின் தொடக்கத்தில் அங்கே இருந்தது ஒரு பெருங்கூடமும் அதை ஒட்டிய சில அறைகளும்தான். கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு நடை, நம் ரேழி போல. 1559இல் வில்லியம் மோர்ட்டன் என்பவர் முற்றத்தைப் பார்த்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் சன்னல்களை வைத்தார். அதில் வீட்டுக்காரர் பெயரோடு தச்சர் ரிச்சர்ட் டேல் பெயரையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் கீழே வெகுநேரம் நின்றேன். என்னோடு வேலை பார்த்த ஆசாரிகள் ஏற்றிய எந்த உத்திரத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

அப்புறம் 1560 வாக்கில் தெற்குக் கட்டு வந்தது. அதன் உச்சியில் 68 அடி நீளத்துக்கு ஒரு மேல்மாடி. மழை நாளில் வீட்டார் நடக்கவும் விளையாடவும்தான் அது. சுவர்ப் பலகைக்குப் பின்னாலிருந்து பழைய டென்னிஸ் பந்துகள் கிடைத்திருக்கின்றன. கூரையில் வேய்ந்திருப்பது கனத்த மணற்கல் பலகைகள். அத்தனை பாரத்தையும் கீழே ஓக் மரச்சட்டம் தாங்க வேண்டும். ஓக்கை அவர்கள் பச்சையாகவே அறுத்துப் பொருத்துவார்கள். சுவரில் நின்றபடியே காய்ந்து முறுக்கிக்கொள்ளும். ஆனால் துளையும் நாக்குமாகச் செருகி மர ஆணி அடித்த மூட்டு, வளைந்து கொடுக்குமே தவிர லேசில் விடாது. பிற்காலத்தில் இரும்புக் கம்பி கொடுத்து இழுத்தும் கட்டியிருக்கிறார்கள்.

இத்தனையும் மிஞ்சியதற்குக் காரணம் வறுமை என்றுதான் சொல்வேன். 1640களில் இங்கிலாந்தில் நடந்த உள்நாட்டுப் போரில் அந்தக் குடும்பம் அரசர் பக்கம் நின்று நொடித்துப்போனது. வீட்டைக் குத்தகை விவசாயிகளுக்கு விட்டார்கள். 1847 வாக்கில் வழிபாட்டு அறையில் கரி கொட்டி வைத்திருந்தார்கள். கையில் காசு இருந்திருந்தால் எப்போதோ இடித்துச் செங்கல்லில் கட்டியிருப்பார்கள். 1938இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கைக்கு வந்தது.

மகளிடம் சொல்லுங்கள்: கீழ்க்கட்டை நேராகச் செய்யட்டும், மேல்மாடியைத் தனியாகத் தூக்கி எடுக்கும்படி செய்யட்டும். வைத்தால் வளைவு தெரிய வேண்டும், எடுத்தால் வீடு எப்படித் தொடங்கியது என்று புரிய வேண்டும். கறுப்பு வெள்ளை அடிக்க வேண்டாம், அது 19ஆம் நூற்றாண்டின் ரசனை. முதலில் ஓக்கை அப்படியே விட்டார்கள், வெயிலும் மழையும் பட்டு வெள்ளிச் சாம்பல் நிறமானது. மரச்சட்டங்களுக்கு இடையில் இருந்த பூச்சு காவி மஞ்சள்.

வல்லிக்கேணி கலா:
சேகர் சார், ரொம்ப நன்றி. மகள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். படித்ததும் எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. எங்கள் வீடு தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். மொட்டைமாடியில் கான்கிரீட்டில் ஓர் அறை போடலாம் என்று தம்பி பிடிவாதமாக இருக்கிறான்.

பழையவீடு சேகர்:
போட வேண்டாம் அம்மா. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரம், அதன் மேல் குத்தாக நிறுத்திய செங்கல், சுண்ணாம்பு, ஜல்லி, தட்டோடு. அந்தத் தளம் தன் பாரத்தையும் நான்கு பேர் நடமாட்டத்தையும் தாங்கும். உங்கள் பேட்டையிலேயே ஒரு வீட்டில் நான் தடுத்தும் கேட்காமல் அறை எழுப்பினார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் கீழே கூடத்துக் கதவு நிலையில் இடித்து மூடாமல் போனது. என்னைக் கூப்பிட்டார்கள். உத்திரம் நடுவில் ஒன்றரை அங்குலம் தொய்ந்திருந்தது.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். ஏணி போட்டு, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் மரம் நன்றாக இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே கரையானோ ஈரமோ. தட்டும்போது தம்பியும் பக்கத்தில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பார்த்தசாரதி கோயில் பக்கம்தான் இருப்பேன், தனிமடலில் தெரு பெயர் போடுங்கள், வந்து பார்க்கிறேன்.