அம்மாவ கவுன்சிலருக்கு சுயேச்சையா நிக்கச் சொல்றாங்க, நிக்கலாமா?

ஒன்பதாம் வார்டு:

வணக்கம் மக்களே. எங்களது சின்ன பேரூராட்சி, மொத்தம் 15 வார்டு, எங்க வார்டுல எண்ணூறு சொச்சம் ஓட்டு. அம்மா சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, இந்த வார்டுல பாதிப் பேருக்கு சின்ன வயசுல தட்டுல முட்டை வச்சது அவங்கதான், அதனால பெரிய மீசை வச்சவன்லாம் கூட இன்னும் டீச்சர்னுதான் கூப்பிடுவான். கொஞ்ச நாள் முன்னாடி தொடர்ந்து நாலு நாள் தண்ணி வரல, பொம்பளைங்கல்லாம் குடத்தோட பேரூராட்சி ஆபீஸ் போனப்ப அம்மாதான் முன்னாடி நின்னு பேசினாங்க, சாயங்காலமே தண்ணி வந்துடுச்சு, அன்னையிலருந்து "அடுத்த எலெக்ஷன்ல நீங்கதான் நிக்கணும்"னு ஒரே பேச்சு.

இதுல மூணு குழப்பம். ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கே வந்து எங்க சின்னத்துல நில்லுங்க செலவு எங்களதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார், அம்மாவுக்கு அது பிடிக்கல. சுயேச்சைன்னா எவ்வளவு ஆகும், என்னென்ன பேப்பர் வேணும்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மூணாவது எங்கப்பா. இப்பவே "நீ கையெழுத்து மட்டும் போடு, மத்தத நான் பாத்துக்கறேன்"ங்கிறார். அம்மா ஒண்ணும் சொல்லல, ஒரு பார்வை பார்த்தாங்க அவ்வளவுதான்.

அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க. ஜெயிச்சாலும் பதினஞ்சுல ஒரு ஆளா இருந்து என்ன பண்ண முடியும்?

பதினோரு ஓட்டு:

என் பேரே கதை சொல்லும் ப்ரோ. 2022 பிப்ரவரி 19 எலெக்ஷன்ல பேரூராட்சி வார்டுக்கு சுயேச்சையா நின்னு 11 ஓட்டுல தோத்தவன்.

செலவுக் கணக்க முதல்ல சொல்லிடறேன். அப்ப பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடின்னா 500. செலவு உச்சவரம்பு 17,000. எனக்கு நோட்டீஸ், ஆட்டோ மைக், பசங்களுக்கு டீ பன்னுன்னு அதுக்குள்ளயே முடிஞ்சுது. அடுத்த தடவை தொகை மாறலாம், அறிவிப்பு வந்ததும் பாத்துக்கங்க. வயசு 21 ஆகியிருக்கணும், அம்மாவுக்கு அந்தக் கவலை இல்ல.

காசு பெரிய விஷயமே இல்ல, பேப்பர்தான் ஆளைக் கவுக்கும். நிக்கிறவங்க பேரு அந்தப் பேரூராட்சி லிஸ்ட்ல எந்த வார்டுல இருந்தாலும் சரி, ஆனா முன்மொழியிறவர் நீங்க நிக்கிற அதே வார்டு ஓட்டரா இருக்கணும். எனக்கு முன்மொழிய வந்தவர் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர், தினமும் பாக்குற மனுஷன், லிஸ்ட்ல தேடினா அவர் குடும்பமே பக்கத்து வார்டுல கிடக்கு. வேட்புமனு வாங்குற கடைசி நாள் மதியம் ரெண்டு மணிக்குத்தான் இது தெரிஞ்சுது, அப்புறம் ஓடிப்போய் இஸ்திரி போடுற அண்ணன அப்படியே கடையிலருந்து வண்டில ஏத்திட்டு வந்தேன், அவர் கையில சாம்பலோடயே கையெழுத்து போட்டார். வீட்டு வரி, தண்ணி வரி பாக்கி இல்லாம கட்டி ரசீத கையில வச்சுக்கங்க. கேஸு, சொத்து விவரம் எல்லாம் பிரமாணப் பத்திரத்துல எழுதணும், ஒரு கட்டம் கூட காலியா விடாதீங்க, "இல்லை"ன்னாவது எழுதுங்க.

இன்னொண்ணு, ஜெயிச்சாலும் தோத்தாலும் ரிசல்ட் வந்த 30 நாளைக்குள்ள செலவுக் கணக்கு குடுத்தே ஆகணும். தோத்த கடுப்புல விட்டீங்கன்னா மூணு வருஷம் நிக்க முடியாம தகுதி நீக்கம் பண்ணிடுவாங்க.

எண்ணிக்கை அன்னைக்கு நடந்தத மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். எங்க வார்டுல ஆண்கள் பூத் தனி, பெண்கள் பூத் தனி, அதனால ரெண்டு மெஷின். பெண்கள் மெஷின முதல்ல திறந்தாங்க, 38 ஓட்டு லீடிங், வெளிய பசங்க பட்டாசு திரியக் கிள்ளிட்டு நிக்கிறானுங்க. அடுத்து ஆண்கள் மெஷின், அதுல 49 பின்னாடி போயிட்டேன். மொத்தமே பத்து நிமிஷம் கூட ஆகல. தினமும் என்கூட டீ குடிச்சு "கவலையே படாத மாப்ள"ன்னவனுங்க எவனும் போடலன்னு புரிஞ்சுது, நான் சரியா பேசக்கூட இல்லாத பொம்பளைங்க போட்டிருக்காங்க. அதனால சொல்றேன், உங்கம்மாவுக்கு சான்ஸ் இருக்கு.

வாய்ப்பில்ல ராஜா:

ஓட்டுக்குக் காசு குடுப்பீங்களா? இல்லன்னா டெபாசிட்ட இப்பவே மறந்துடுங்க. கடைசி ராத்திரி கவர் வரும், காலைல டீச்சராவது முட்டையாவது.

பூத் சிலிப்பு:

@வாய்ப்பில்ல ராஜா, காசு வேலை செய்யாதுன்னு நானும் சொல்லமாட்டேன் தம்பி, இருபது வருஷமா பூத்ல உக்காந்தவன். ஆனா வார்டு எலெக்ஷன்ல எல்லாரும் குடுக்கிறான், ஜனம் எல்லார்கிட்டயும் வாங்குது, அப்புறம் அவங்க இஷ்டத்துக்குத்தான் குத்துது. எண்ணூறு ஓட்டுல மூணு நாலு பேரு பிரிச்சா முந்நூறு வாங்கினவன் கவுன்சிலர். டெபாசிட் காப்பாத்த செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்கு வந்தா போதும், அந்தம்மாவுக்கு அது வராதா?

கேள்வி கேட்ட தம்பிக்கு, ஓட்டர் லிஸ்ட்டுதான் எல்லாமே. இப்பவே பிரிண்ட் எடுத்து வீடு வீடா பென்சில்ல குறிங்க, யாரு செத்துட்டா, யாரு கட்டிக்குடுத்துப் போயிட்டா, யாரு திருப்பூர்ல வேலைல இருக்கான்னு. 2021 அக்டோபர்ல கோயம்புத்தூர் பக்கம் குருடம்பாளையம் ஊராட்சி வார்டு இடைத்தேர்தல்ல ஒருத்தருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்து ஊரே சிரிச்சுதே ஞாபகம் இருக்கா? குடும்பமே போடலன்னு கிண்டல் பண்ணாங்க, உண்மையில அவர் குடும்பத்து ஓட்டு வேற வார்டுல இருந்துச்சு, அவர் ஓட்ட அவரே போட்டுக்க முடியாது. அந்த ஒரு ஓட்டு போட்ட புண்ணியவான் யாருன்னுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் யோசனை.

அன்னைக்கு பூத்துக்கு ஏஜென்ட்டா போறவர் எல்லார் முகமும் தெரிஞ்சவரா இருக்கணும். உள்ள ஆபீசர் பேரும் வரிசை எண்ணும் சத்தமா வாசிப்பார், நம்மாளு லிஸ்ட்ல அடிச்சுட்டே வரணும், மூணு மணிக்கு ஒரு தடவை பார்த்தா எந்தெந்த வீட்டு ஆளு இன்னும் வரலன்னு தெளிவா தெரியும், வெளிய இருக்கிறவங்க போய் கதவைத் தட்டலாம். (வண்டி வச்சு கூட்டிட்டு வராதீங்க, அது தப்பு, எல்லாரும் பண்றாங்கங்கிறது வேற.) பேரூராட்சில ஜனம் வரும் தம்பி, 2022ல சென்னைல 43 சதவீதம் சொச்சம்தான், பேரூராட்சிகள்ல 74க்கு மேல. ஆனா வராத கால்வாசியிலதான் நம்ம 11 ஓட்டு அண்ணன் மாதிரி ஆளுங்க தோக்குறது.

குழாயடி கவுன்சிலர்:

நான் இப்ப பதவில இருக்கேனுங்க, சுயேச்சைதான், பொம்பள வார்டு. ஜெயிச்சா என்ன பண்ண முடியும்னு கேட்டீங்கல்லங்க தம்பி, அதுக்கு மட்டும் சொல்றேன்.

தலைவர ஜனங்க நேரடியா தேர்ந்தெடுக்கிறதில்லீங்க, கவுன்சிலருங்கதான் ஓட்டுப் போட்டு எடுக்கணும். 2022 மார்ச் 2 பதவியேற்பு, 4ஆம் தேதி தலைவர் தேர்தல். அந்த நடுவுல ரெண்டு நாளு என் வீட்டு வாசல்ல எத்தனை செருப்பு கிடந்துச்சு தெரியுமுங்களா. எங்க மன்றத்துல ரெண்டு பக்கமும் ஏழு ஏழு, நடுவுல நான் ஒருத்தி. காருல ஏறுங்கம்மா, ஊட்டிக்குப் போயிட்டு ஓட்டன்னைக்கு வரலாம்னாங்க, நான் மாட்டுக்கு யாருங்க தண்ணி காட்டுறதுன்னு கேட்டேன். எங்க காலனிக்கு ஆழ்குழாய் மோட்டார், சாக்கடை, இந்த ரெண்டும் முதல் கூட்டத்துலயே தீர்மானமா வரணும்னு சொன்னேன், ஒத்துக்கிட்ட பக்கத்துக்கு ஓட்டுப் போட்டேன். இது பேரமான்னு கேட்டீங்கன்னா பேரந்தானுங்க. மோட்டார் வந்துச்சு, சாக்கடை பாதியில நிக்குது. அஞ்சாம் தேதியிலருந்து வாசல்ல ஒரு செருப்பும் இல்ல.

அதுக்கப்புறம் கவுன்சிலருக்குன்னு தனியா நிதி ஏதும் கிடையாதுங்க எங்க பேரூராட்சில, எல்லாமே மன்றத் தீர்மானம், செயல் அலுவலர், டெண்டருன்னுதான் போகும். மதிப்பூதியம் 2023ல அறிவிச்சாங்க, எங்களுக்கு மாசம் 2,500. மாசாமாசம் வர்ற சாவுக்கும் சீருக்குமே அது பத்தாது. ராத்திரி பதினோரு மணிக்கு தெருவிளக்கு எரியலன்னு போன் வரும், எடுத்துத்தானுங்க ஆகணும்.

ஒண்ணே ஒண்ணு அம்மாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. கூட்டத்துல பொருள் வரிசையா வாசிப்பாங்க, "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்"னு முடியும், வேகமா போகும், உடனே நோட்டு கைக்கு வந்துடும் கையெழுத்துக்கு. முதல் தடவை நானும் போட்டுட்டேன். ரெண்டாவது தடவை பார்த்தா கடைசி தீர்மானத்துக்கும் கையெழுத்து போடுற இடத்துக்கும் நடுவுல அரைப் பக்கம் காலி. இதென்னங்கன்னு கேட்டேன், அப்புறம் எழுதிக்கலாம்மான்னாங்க. பேனாவ வாங்கி குறுக்க ஒரு கோடு போட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அன்னைலருந்து எனக்கு காலியிடம் வர்றதில்லீங்க.

உங்கப்பாவ பத்தி... எங்க வீட்டுக்காரரும் முதல் கூட்டத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிட்டு கெளம்பினாரு. ஆபீஸ் கேட் வரைக்கும் வண்டில வந்து விடுங்க, உள்ள வந்தீங்கன்னா நான் திரும்பி நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்னேன். இப்பவும் வெளிய புளியமரத்தடியிலதான் உக்காந்திருப்பாரு, பாவம்.

பதினோரு ஓட்டு:

அக்கா, அந்த கோடு போட்ட மேட்டர் சூப்பர். கட்சி சின்னத்துல நிக்கிறத பத்தி யாரும் சொல்லலியே. என் கருத்து, கட்சி சின்னம்னா ஒரு நூறு ஓட்டு கண்ண மூடிட்டு விழும், உண்மை. ஆனா தலைவர் தேர்தல்ல யாருக்குப் போடணும்னு அவங்க சொல்றதுதான், மோட்டாரும் கிடையாது சாக்கடையும் கிடையாது. சுயேச்சைக்கு சின்னம் ரொம்ப லேட்டா கையில வரும், வாபஸ் முடிஞ்சப்புறம்தான், அதுக்குள்ள நோட்டீஸ் அடிச்சிடாதீங்க. கிழவிங்களுக்கு ஈசியா புரியிற சின்னமா கேளுங்க.

ஒன்பதாம் வார்டு:

எல்லாருக்கும் நன்றி, குறிப்பா கவுன்சிலர் அக்காவுக்கு. நீங்க எழுதினத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், அரைப் பக்கம் காலிங்கிற இடத்துல நிறுத்தி மறுபடி வாசின்னாங்க. சத்துணவுல ஸ்டாக் நோட்டு எழுதினவங்க இல்லையா, "இதே வேலைய எங்ககிட்டயும் பண்ணிப் பாத்தாங்க"ன்னு சிரிச்சாங்க.

எங்க வார்டு அடுத்த தடவையும் பெண் வார்டா இருக்குமா, பொதுவாகுமான்னு அறிவிப்பு வந்தாத்தான் தெரியும், பொதுன்னாலும் பெண்கள் நிக்கலாம்ல, அதனால அம்மா அதப் பத்தி கவலைப்படல. நேத்து லிஸ்ட் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன், ராத்திரி கண்ணாடிய போட்டுட்டு உக்காந்தவங்க ஒரு மணி நேரத்துல செத்துப்போனவங்க ஒன்பது பேர கண்டுபிடிச்சுட்டாங்க, ஒருத்தர் செத்து ஆறு வருஷம் ஆச்சாம். படிவம் 7 குடுத்து அவங்க பேர எடுக்கணும்னு சொல்றாங்க, அதுக்கு அந்தந்த வீட்டுக்காரங்கதான் எழுதிக் குடுக்கணுமா, நாங்களே குடுக்கலாமா? முன்மொழிய எதிர்வீட்டு அக்கா ரெடி, அவங்க பேரு எங்க வார்டுலதான் இருக்கு, ரெண்டு தடவை பாத்துட்டேன்.

அப்பா ஃப்ளெக்ஸ் கடைல போய் டிசைன் கேட்டுட்டு வந்திருக்கார். அதுல அவர் போட்டோ அம்மா போட்டோவ விட பெருசா இருக்கு.